காலதர்: காற்றுக்கு விட்ட வழி

கடலோர ஓய்வில்லம் அமைப்போர்க்கு நிலமே முதல் ஆசான் என்கிறோம். நம் திரங்கானு மாநிலத்துத் தஞ்சோங் ஜாரா கடற்கரை விடுதி இதற்குச் சான்று. பழைய மலாய் அரண்மனை மரபைத் தழுவி உள்நாட்டு மரத்தால் எழுந்த அது, 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. தூண்கள்மேல் உயர்ந்த தளம் வெள்ளத்துக்குத் தப்பி நிற்கிறது. அடியில் காற்று உலவுகிறது. சரிந்த கூரை மழைநீரை விரைந்து வடிக்கிறது. மரப்பின்னல் வழியே வெப்பம் வெளியேறுகிறது.

இவ்வறிவு நம் சொல்லிலும் உண்டு. சாளரத்துக்குத் தமிழர் இட்ட பழம்பெயர் காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. இன்றோ கடலைக் காணக் கண்ணாடி பதித்து, காற்றை வெளியே நிறுத்திக் குளிரூட்டியை இயக்குகிறோம். காட்சி கிடைத்தது, காலதர் தொலைந்தது. நாளை இல்லம் வரையும் மாணவர், இச்சொல்லின் பொருளை முதற்கோடாக வரைக.