பார்டரில் நிற்கும் சர்க்கரை

சர்க்கரை நோய் ஆலோசனை அறைகளில் தினமும் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "சுகரெல்லாம் இல்லீங்க, பார்டர்லதான் இருக்கு." சொல்பவர் நிம்மதியாகத்தான் சொல்வார். கையிலிருக்கும் லேப் சீட்டில் வெறும் வயிற்றில் 112 என்று இருக்கும். 126 வந்தால்தானே சர்க்கரை நோய்? 100க்குக் கீழே இருக்க வேண்டியது 112க்கு ஏறியது அவர் கணக்கில் வராது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023இல் வெளியான ஆய்வு, 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. பார்டரில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், 13.6 கோடி. இன்றைய பேச்சு இவர்களுக்காகத்தான்.

பெரும்பாலும் சிறு வயதிலேயே, இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து வருவது நீரிழிவின் முதல் வகை. அதற்கு ஊசிதான் உயிர். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் தடுக்க முடியாது. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. இங்கே இன்சுலின் சுரக்கிறது, ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து பல வருடம் சமாளிக்கும், பிறகு தளரும். அது தளரத் தொடங்கும் கட்டம்தான் பார்டர். வலி, மயக்கம் எதுவும் இருக்காது. அதனால்தான் அந்த அலட்சியம்.

ஒரு பஸ் கண்டக்டர் ஆலோசனைக்கு வந்தார். "மதியம் ரெண்டு கரண்டி சோறுதாங்க" என்றார். பக்கத்தில் இருந்த மனைவி விடவில்லை. "அது சாம்பாருக்கு. அப்புறம் ரசத்துக்கு, அப்புறம் மோருக்கு. காரக்குழம்பு வச்சா அதுக்குத் தனியா." அடுத்த முறை மதியச் சாப்பாட்டை அப்படியே டப்பாவில் எடுத்துவரச் சொன்னார்கள். எவர்சில்வர் தட்டில் கொட்டிப் பார்த்தால் சோறு விளிம்பைத் தொட்டது. பீன்ஸ் பொரியல் ஓரமாக ஒரு ஸ்பூன்.

சோற்றை விடச் சொல்லவில்லை அவரிடம். சாம்பாரோடு சோறு முடிந்துவிட வேண்டும். ரசமும் மோரும் டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம், அவ்வளவுதான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர், "நாங்க ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டோமே" என்பீர்கள். நல்லதுதான், எத்தனை சப்பாத்தி? உருளைக்கிழங்கு குருமாவோடு நாலு என்றால் மாறியது நிறம் மட்டும். கேழ்வரகும் அப்படித்தான். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதுவும் விறுவிறுவென்று சர்க்கரையை ஏற்றும்.

இனி நடை. இதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மனம் வராது. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சொல் எடுபடாத உடம்பிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் சாயாமல் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே, அந்தச் சாப்பாட்டால் ஏறும் சர்க்கரை குறைகிறது.

இது எங்கோ வெள்ளைக்கார நாட்டில் கண்ட கதையும் இல்லை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு, பார்டரில் இருந்த 531 பேரை நாலு பிரிவாக்கிச் சுமார் மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் போய்விட்டார்கள். தினமும் அரைமணி நேர நடை, சீரான சாப்பாடு என்று தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதமாக நின்றது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் இல்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. "ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலை" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டவர்கள் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

சர்க்கரை கெடுக்கும் கண், சிறுநீரகம், கால் நரம்பு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. முப்பது வயது தாண்டியவர்கள், அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை உள்ளவர்கள், இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டிய ஆண்கள், 80ஐத் தாண்டிய பெண்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறி, குழந்தை பிறந்ததும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிட்ட தாய்மார்கள், எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒருநாள் காலையில் காபிகூடக் குடிக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பரிசோதனைக்குக் காசு கிடையாது.