பஞ்சாபின் நெல்லும் நிலத்தடி நீரும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிலப்பயன்பாட்டு மாற்றம் என்றவுடன் காடு அழிந்து சுரங்கமாவதும், ஏரி தூர்ந்து குடியிருப்பாவதுமே நினைவுக்கு வருகின்றன. விளைநிலம் விளைநிலமாகவே நீடிக்க, அதில் விளையும் பயிர் மட்டும் மாறுவதைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த மாற்றம் ஒரு மாநிலத்தை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்குப் பஞ்சாபின் கடந்த அறுபதாண்டுகள் சான்றாக உள்ளன.

1960-61இல் பஞ்சாபில் நெல் விளைந்த பரப்பு சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் ஹெக்டேர். இன்று அது 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. அன்று 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிரான கொண்டைக்கடலை இன்று சில ஆயிரம் ஹெக்டேரில் ஒடுங்கிக் கிடக்கிறது. மக்காச்சோளமும் நிலக்கடலையும் கம்பும் இதேபோல் பின்வாங்கின. இத்தனைக்கும் அரிசி பஞ்சாபியரின் அன்றாட உணவு கிடையாது. கோதுமை ரொட்டியும், குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டியோடு கடுகுக்கீரையும் உண்ணும் மக்கள், நாட்டின் பிற மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்காக நெல் விளைவித்தனர். இறக்குமதித் தானியத்தை நம்பிக் கப்பலை எதிர்நோக்கிக் கிடந்த நாடு தன் காலில் நின்றதில் அந்த உழைப்பின் பங்கு பெரிது. அதை மறந்துவிட்டு இன்று பஞ்சாப் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நன்றி மறந்த செயலாகும்.

ஆனால் அந்த நெல்லுக்கு நீர் எங்கிருந்து வந்தது? கால்வாய்ப் பாசனம் போதவில்லை. 1970-71இல் 2 லட்சத்திற்கும் குறைவாக இருந்த ஆழ்குழாய்க் கிணறுகள் இன்று 14 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒரு கிலோ அரிசிக்குப் பஞ்சாபில் 5,000 லிட்டருக்கு மேல் பாசன நீர் செலவாவதாக வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் கணக்கிட்டுள்ளது. மழையும் ஆறும் மிகுந்த மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ இதில் பாதியே தேவைப்படுகிறது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரின் அளவைப் போல் 160 விழுக்காட்டுக்கு மேல் 2023இல் பஞ்சாபில் உறிஞ்சப்பட்டது. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 153 வட்டாரங்களில் 117 அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டவை.

2009இல் ரோடெல் முதலான அறிவியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பூமியின் ஈர்ப்பு விசையில் ஏற்படும் நுண்ணிய மாறுதல்களை அளக்கும் ‘கிரேஸ்’ செயற்கைக்கோள்களின் தரவுகளைக் கொண்டு, ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி ஆகிய பகுதிகளின் நிலத்தடி நீரை அவர்கள் மதிப்பிட்டனர். 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் மழை பெரிதாகப் பொய்க்கவில்லை என்பது கவனத்திற்குரியது. வானத்தின் மீது பழிபோட அங்கு இடமில்லை.

அரசு செய்தது என்ன? நிலத்தடி நீரைக் காக்க 2009இல் மாநிலச் சட்டம் வந்தது. ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது. கோடையின் கடும் வெப்பத்தில் நீர் ஆவியாவதைத் தவிர்க்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். நெல்லை அறுத்துக் கோதுமை விதைக்க விவசாயிக்கு எஞ்சுவது சுமார் இருபதே நாட்கள். அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச்செல்லும் தாளை அதற்குள் அகற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை. நெருப்பு வைப்பதே மலிவான வழி. முன்பு அக்டோபரில் பரவலாக நடந்த எரிப்பு, குளிர்ந்து காற்று அடங்கும் நவம்பரில் குவிந்தது. அதனால் நுண்துகள் மாசு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது என 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நீரைக் காக்க இயற்றிய சட்டம் காற்றைக் கெடுத்தது. அடிப்படையான பயிர்முறையைத் தொடாமல் நாள்காட்டியை மட்டும் திருத்தினால் இப்படித்தான் நேரும்.

இந்தக் கட்டத்தில் தோழர்கள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இதே ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு கூட்டமும் பேசுகிறது. கொள்முதலும் இலவச மின்சாரமுமே நோயின் வேர், இரண்டையும் நிறுத்தினால் சந்தை தானே பயிரை மாற்றிவிடும் என்பது அவர்கள் வாதம். 2015இல் சாந்தகுமார் குழு, இந்திய உணவுக் கழகம் பஞ்சாப் போன்ற மாநிலங்களின் கொள்முதலிலிருந்து விலக வேண்டும் என்றதோடு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகளையும் 67 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. 2020இல் வந்த மூன்று வேளாண் சட்டங்களும் அதே திசையில் சென்றவை. அவற்றை டெல்லி எல்லையில் ஓராண்டு அமர்ந்து விவசாயிகள் முறியடித்தனர்.

அந்த வெற்றியைப் போற்றுவதோடு கடமை முடிந்ததாகக் கருத முடியாது. நீர் வற்றுகிறது என்பது கார்ப்பரேட் கட்டுக்கதை எனப் பேசும் தோழர்களும் உண்டு, அது தவறு. நீர்மட்டம் இறங்கும்போது எல்லோரும் சமமாக வீழ்வதில்லை. பழைய பம்புகள் பயனற்றுப் போக, இன்னும் ஆழமாகத் துளையிட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்க வசதி படைத்தவருக்கே இயலும். இரண்டு ஏக்கர்க்காரர் அதற்குக் கடன் வாங்குகிறார். இலவச மின்சாரத்திலும் பெரும்பங்கு, பல மோட்டார்கள் வைத்திருக்கும் பெருநிலக்காரருக்கே செல்கிறது. மக்கள்தொகையில் சுமார் 32 விழுக்காடாக இருக்கும் தலித்துகளில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். அவர்களுக்கு இந்த மானியத்தில் பங்கே கிடையாது. பீகாரிலிருந்து நடவுக்கு வந்து திரும்பும் தொழிலாளர்களையும் மறத்தலாகாது. நெல் குறைந்தால் அவர்களது வேலைநாட்களும் குறையும். அதற்கு விடை சொல்லாத மாற்றுப்பயிர்த் திட்டம் பாதித் திட்டமே.

மாற்றுப்பயிர் யோசனை ஒன்றும் புதிதன்று. 1986லேயே ஜோல் குழு, நெல்-கோதுமைப் பரப்பில் ஒரு பகுதியைப் பிற பயிர்களுக்குத் திருப்பப் பரிந்துரைத்தது. அது ஏட்டில் உறங்கியதற்குக் காரணம் விவசாயியின் பிடிவாதம் என்று அதிகாரிகள் கூறுவர். ஒன்றிய அரசு இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. ஆனால் பஞ்சாப் சந்தையில் உறுதியாகக் கொள்முதல் ஆவது கோதுமையும் நெல்லுமே. 2022இல் மாநில அரசு, கோதுமைக்கும் நெல்லுக்கும் இடைப்பட்ட கோடையில் பாசிப்பயறு விதைக்குமாறு ஊக்குவித்து, குவிண்டால் 7,275 ரூபாய் ஆதரவு விலையில் வாங்குவதாக அறிவித்தது. விவசாயிகள் நம்பி விதைத்தனர். சந்தைக்கு வந்த பயறில் அரசு வாங்கியது சிறுபகுதி மட்டுமே. எஞ்சியதைத் தனியார் வணிகர்கள் ஆதரவு விலைக்குக் கீழே வாங்கிச் சென்றனர். விற்றுத் திரும்பிய விவசாயி அந்தப் பருவத்திலும் வயலில் நீர் பாய்ச்சி நெல் நட்டார்.