மிஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

உங்க போனில் இருக்கிற எந்த ஆப் பற்றியும் நான் இன்றைக்குப் பேசப் போவதில்லை. ரேஷன் கடை விற்பனையாளர் கையில் இருக்கிற மிஷினைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது அவருக்கான கருவிதானே, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. அது அவரைப் பத்து நிமிஷம் திணறடித்தால், வெயிலில் நிற்கப்போவது நீங்கதான்.

தமிழ்நாட்டில் பெரிய சில்லறைக் கடை எதுன்னு கேட்டால் ஜவுளிக்கடை பேரைச் சொல்லுவோம். 34 ஆயிரத்துக்கும் அதிகமான கடைகள், 2 கோடிக்கும் அதிகமான குடும்ப அட்டைகள் என்று பார்த்தால் ரேஷன் கடைதான் பெரிசு. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது; ஸ்கேன் பண்ணினால் போதும். 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ வந்தபோது விரல்ரேகையும் சேர்ந்தது. விளாத்திகுளத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே அரிசி வாங்கலாம். நல்ல விஷயம்தான்.

ஆனால் கோவில்பட்டிப் பக்கம் விரல்ரேகை எப்படி இருக்கும்? வருஷக்கணக்கில் தீப்பெட்டி ஒட்டின விரல், கரிசல் காட்டில் களை பிடுங்கி, பருத்தி எடுத்துக் காய்த்துப்போன விரல். ஒரு கிராமத்துக் கடையில் பார்த்தேன். பாட்டி விரலை வைக்கிறார், மிஷின் கீச்சென்கிறது, திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கூடவே ஒரு எண். மூன்று தடவை அப்படியே.

“என்ன தாயி, என் பேரை வெட்டிட்டாங்களா?”

“இல்ல பாட்டி, ரேகை விழல. சேலையில துடைச்சிட்டு வைங்க.”

அந்தப் பயத்தைக் கவனிச்சீங்களா? ஆதார் சரிபார்ப்பில் 300 என்றால் ‘ரேகை பொருந்தவில்லை’, அவ்வளவுதான். அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையே திரை தமிழில், “ரேகை பொருந்தவில்லை, அட்டை சரியாக இருக்கிறது, வேறு விரலை வையுங்கள்” என்று சொன்னால் பாட்டிக்கு நெஞ்சு படபடக்காது. விற்பனையாளரும் ஒவ்வொருத்தருக்கும் மொழிபெயர்ப்பு வேலை பார்க்க வேண்டாம். விரல் படியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். அப்படியென்றால் அடுத்த வழிக்கான பொத்தானும் அதே திரையில், பெரிசாக இருக்கணும். நாலு பக்கம் உள்ளே போய்த் தேடுகிற மாதிரி வைத்தால், வரிசை நீளமாக இருக்கிற அன்றைக்கு யார் தேடுவாங்க? “நாளைக்கு வாங்க பாட்டி” என்றுதான் வாயில் வரும். பாட்டிக்கு அது ஒருநாள் கூலி.

ஊழியர் பயன்படுத்துகிற மென்பொருளை வடிவமைக்கிறவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில், நல்ல சிக்னலில், சுத்தமான கையோடு சோதித்துப் பார்க்கிறார்கள். கடையிலோ பாமாயில் பட்ட கை, அரிசித் தூசி, மத்தியான வெயிலில் கண் கூசுகிற திரை. சிக்னலுக்காக மிஷினை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவரையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாசத்துக் கூட்ட நாளில், மூட்டை பக்கத்தில் நின்று பார்த்தால், எந்தப் பொத்தான் வேண்டும், எது வேண்டாம் என்று தானே தெரிந்துவிடும்.

மின்னணுத் தராசை புளூடூத்தில் மிஷினோடு சேர்க்கும் ஏற்பாட்டையும் சொல்லணும். எடை குறைகிறது என்பது நம்ம பழைய புகார்; அதற்கு இது நல்ல மருந்து. ஆனால் அரிசி, சீனி, பருப்பு என்று ஒவ்வொன்றாக நிறுத்து, ஒவ்வொன்றும் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் நேரம் கூடுகிறது என்று ஊழியர்கள் சொல்கிறார்கள். அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளாதீங்க. கை வேலை செய்கிற வரிசைப்படி திரையும் நகர்ந்தால் எடையும் சரியாக இருக்கும், வரிசையும் நகரும்.

2025 ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் போகிறது. மிஷினும் தராசும் இப்போது வண்டியில் ஏறித் தெருவுக்கு வருகின்றன. பேட்டரி, சிக்னல் இரண்டும் இனிமேல் இன்னும் பெரிய விஷயம்.

உங்க பக்கம் செய்யக்கூடியதும் உண்டு. பத்து விரலும் ஒரே மாதிரி படியாது. நன்றாகப் படிகிற விரல் எதுன்னு தெரிந்து, அதையே முதலில் வையுங்க. போனில் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருந்தால் கடைக்குக் கிளம்பும் முன் திறந்துவிடுங்க. பூட்டியிருந்தால் வரும் எண் 330. விற்பனையாளர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, பூட்டினது நீங்க. வீட்டுப் பெரியவர்களுக்கு ரேகை தொடர்ந்து விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் புதுப்பிக்கலாம். அட்டையில் பேர் உள்ள வேறொருவர் விரலும் போதும்.

அதற்கும் சரிவரவில்லையா? 1967-க்குப் போன் பண்ணுங்க. “மிஷின் வேலை செய்யல” என்று மட்டும் சொல்லாதீங்க. திரையில் வந்த எண், கடை எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் சொல்லுங்க. விற்பனையாளரிடம் கேட்டு, அந்தத் திரையை உங்க போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.