ஒளித்துப் பார்க்கும் ஒளி



முனைவர் பட்டம் பெற்ற தமிழாசிரியை ஒருத்தி இரவு நேரத்தில் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறாள் என்பது, நம் இலக்கிய வட்டாரத்தில் அவள் கள்ளுண்டாள் என்பதற்கு ஒப்பாகக் கருதப்படுகிறது. அதியமானோடு அமர்ந்து கள்ளுண்ட ஔவைக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. நான் பார்க்கிறேன். எதனால் பார்க்கிறேன் என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகே மதுரைச் சமவெளியில் படம் புள்ளியின்றித் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’. 1987 ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இராமாயணம். இந்தியில் ஒரு சொல்லும் அறியாத பாட்டிமார்கள் கண்ணீர் விட்டதைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். கதை முன்பே தெரிந்தவர்க்கு மொழி தடையாகாது என்னும் பாடத்தை நான் எந்தத் திறனாய்வு நூலிலும் முதலில் கற்கவில்லை.

பிறகு தனியார் அலைவரிசைகள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ‘மர்மதேசம்’ வந்தது. எழுதியவர் நம் மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் அவரை இழந்தோம். அதன் ‘விடாது கருப்பு’ப் பகுதி, காவல் தெய்வ நம்பிக்கையையும் உளவியலையும் எதிரெதிரே நிறுத்தி, பார்ப்பவரை நடுவில் உட்கார வைத்தது. 1999 டிசம்பரில் ‘சித்தி’ தொடங்கிய பின்னர் தமிழ் வீடுகளில் இரவுச் சமையலின் நேரமே மாறிற்று. 2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியதை எள்ளி நகையாடிய அறிஞர்கள் பலர். அடுத்த வீட்டுச் சன்னலில் நின்று பார்த்த பெண்ணுக்கு அது முதன்முறையாகச் சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையைத் தந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நள்ளிரவுவரை கிரிக்கெட் பார்க்கும் ஆடவர் எவரும் அதை மறைப்பதில்லை. மறுநாள் அலுவலகத்தில் அது பெருமைக்குரிய பேச்சு. தொடர் பார்ப்பது மட்டும் ஏன் குற்றமாகிறது? பொழுதைக் கழிப்பவர் யார் என்பதைப் பொறுத்தே பொழுதுபோக்கின் மதிப்பு அமைகிறது என நான் கருதுகிறேன். 1950 முதல் வாரந்தோறும் கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வ’னும் தொடர்கதைதான். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று அன்று காத்திருந்தவர்களின் ஆவலும் இதே ஆவல்தான். இன்று அதன்மீது ஆய்வேடு எழுதுகிறோம்.

இவ்வாறு சொல்வதால் தொடர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கொள்ள வேண்டா. ஓர் அறைக்கு மூன்று கோணம், ஒன்பது முகம், இடியோசை! அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெண்ணுக்குப் பெண்ணே பகை என்று ஆண்டுக்கணக்கில் ஓதுவதைப் பொறுக்க இயலவில்லை. சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கண்ணகியும் மாதவியும் காப்பியம் முழுவதிலும் ஒருமுறையேனும் நேருக்கு நேர் நிற்பதில்லை. மாதவியின் மகள் மணிமேகலையோ கண்ணகியைத் தாயாகவே கருதுகிறாள். இளங்கோவடிகள் விட்டுவிட்ட அந்தச் சந்திப்பைக் கொண்டு இன்றைய தொடர் இருநூறு நாள் ஓட்டிவிடும்.

ஆயினும் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ என்னைக் கட்டிப்போட்டது. படித்த மருமகள்களை அடுப்படிக்குள் அடக்கியாளும் ஆதி குணசேகரன் என்னும் மூத்தவன். அவனாக நடித்த தேனி மாவட்டத்துக்காரர் மாரிமுத்து பேசியது நம் மண்ணின் பேச்சு. ‘இந்தாம்மா’ என்ற அந்த அதட்டலை என் மாணவியர் வகுப்பு இடைவேளையில் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஒடுக்குபவனே எல்லார்க்கும் பிடித்தவனாகிவிட்டானே என்று சக பேராசிரியர் ஒருவர் வருந்தினார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மாணவியரின் சிரிப்பை நான் வேறு விதமாகப் புரிந்துகொண்டேன். வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத ஒரு குரலை, விரும்பியபோது நிறுத்திவிடத்தக்க ஒரு பெட்டிக்குள் கேட்கிறார்கள். கேட்டு, நகல் செய்து, அதன் பல்லைப் பிடுங்குகிறார்கள். என் இன்பமும் அதுவே. 2023 செப்டம்பர் 8இல் மாரிமுத்து மறைந்தபோது, வில்லனுக்காக அழுத பெண்களைக் கண்டேன். அவ்வேடத்தை அடுத்து ஏற்றவர் வேல ராமமூர்த்தி. ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர் நடிக்கும் தொடரை இலக்கியவாதி பார்க்கலாமா கூடாதா என்பதை இந்த அவையே முடிவு செய்யட்டும்.

வண்டியூர்க்காரர்களாகிய நமக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். சித்ரா பௌர்ணமி இரவில் அழகர் நம் ஊர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறார். ஆனால் 2020இல் ஊரடங்கு; வைகையில் அழகர் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை நேரலையில் பார்த்தபடியே பெண்கள் வீட்டில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். ‘முட்டாள் பெட்டி’ என்று பழித்தவர்களும் அன்று அதன் முன்னர் கைகூப்பினார்கள்.

நிறைவாக, நம் அமைப்பைப் பற்றி ஒன்று. மாலை ஆறரைக்குக் கூட்டம் வைக்கிறோம், பெண்கள் வருவதில்லை, தொடர் பார்க்கிறார்கள் என்று குறைகூறுகிறோம். அந்நேரத்தில் அவர்கள் மாவு கரைக்கிறார்கள், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், காய் நறுக்கியபடியே காதால் தொடர் கேட்கிறார்கள். கவியரங்கத்தை அப்படிக் கேட்க வழியில்லை. வரும் ஆண்டில் மூன்று கூட்டங்களையேனும் சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு வைத்துப் பாருங்கள் என்று செயலரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் கூட்டத்திற்கு என் தெருவிலிருந்து நால்வரை நானே அழைத்து வருகிறேன். அவர்களுள் இருவர் கவிதை எழுதுபவர்கள்.