கட்டிலருகே ஒரு நாற்காலி

இங்கிலாந்தின் மூடுபனியிலும் ஈரக் குளிரிலும் ஆயுளின் பெரும்பகுதியை உழைத்துக் கழித்துவிட்டு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சூரிய வெளிச்சத்தை நாடி, ஸ்பெயின் தேசத்தின் அலிகாந்தே, மலகா முதலிய மத்தியதரைக் கடலோர மாகாணங்களில் குடியேறிய ஆயிரக்கணக்கான தம்பதிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அவர்களுக்கு வைத்திய வசதியில் குறைவில்லை. பிரிட்டிஷ் அரசாங்கப் பென்ஷன் பெறுவோர் 'எஸ்-1' என்னும் பத்திரத்தை அங்கே பதிவு செய்துகொண்டால், ஸ்பானியரைப் போலவே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெறலாம். செலவைப் பிரிட்டன் ஏற்கிறது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றவர்களின் பென்ஷன் உயராமல் நின்றுவிட, இவர்களுக்கு அது ஆண்டுதோறும் உயர்ந்து வருவதும் ஒரு பாக்கியமே.

சங்கடமெல்லாம் சுச்ருஷையில் எழுகிறது. ஸ்பானிய ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டிருக்கும்; மகளோ சகோதரியோ இரவும் பகலும் அதில் அமர்ந்து, உணவூட்டியும் முகம் துடைத்தும் துணையிருக்க வேண்டும் என்பது அச்சமூகத்தின் எதிர்பார்ப்பு; நம் ஊர் ஆஸ்பத்திரிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் கணவர் காலமாகி, பிள்ளைகள் லண்டனிலும் மான்செஸ்டரிலும் இருக்க, ஸ்பானிய பாஷையில் நாலு வார்த்தைக்கு மேல் அறியாத எண்பது வயது மூதாட்டிக்கு, அந்த நாற்காலியில் வந்து அமர யார் இருக்கிறார்கள்? அண்டை வீட்டாரும், தேவாலயத்தாரும், டாக்டர் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்லத் தாமாகவே முன்வரும் தொண்டர்களுந்தான் வருகிறார்கள். அவர்களிலும் பலர் முதியவர்களே என்பதை நினைக்கையில் உள்ளம் உருகுகிறது.

பிறர் உதவியின்றி வாழ இயலாதோருக்கு வீட்டுப் பணியாளர் உதவியையும், பகல்நேரக் காப்பகத்தையும், முதியோர் இல்லத்தையும் உரிமையாக்கி ஸ்பெயின் 2006-இல் ஒரு சட்டம் இயற்றியது. முறைப்படி வசிக்கும் அந்நியருக்கும் அது உண்டு. ஆனால் ஐந்தாண்டுகள் அத்தேசத்தில் வசித்திருக்க வேண்டும், அவற்றுள் இரண்டு மனுச் செய்வதற்கு நேர் முன்னதாக இருக்க வேண்டும். திடகாத்திரமாக இருந்த காலத்தில் நகரசபைப் பதிவேட்டில் பெயர் கொடுக்காமலே இருந்துவிட்டவர்கள், இடுப்பெலும்பு முறிந்த பிறகு, அவ்வூரில் வாழ்ந்ததற்கே அத்தாட்சியின்றித் தவிக்கிறார்கள்.

வெயிலை நாடியோ, பிள்ளைகளைப் பின்தொடர்ந்தோ முதுமையில் அந்நிய தேசம் செல்ல எண்ணும் நேயர்களே, போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் பெயரை அவ்வூர்ப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு, அண்டை வீட்டாரிடம் அவர்களுடைய பாஷையிலேயே பேசத் தொடங்கிவிடுங்கள்.