தெருவும் தறியின் உறுப்பே
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அமரவிளையில் வண்டியேறி வடக்கே சென்றால் அடுத்தது நெய்யாற்றின்கரை. அதற்கு அடுத்தது பாலராமபுரம். ஓணத்துக்கும் திருமணத்துக்கும் நாம் வாங்கும் கசவுக் கரைப் புடைவை பிறக்கும் ஊர் அது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ் நிலத்திலிருந்து சாலியர் குடிகள் அங்கே அமர்த்தப்பட்டனர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்னும் நான்கு தெருக்களும் அவர்கள் வாழ்வின் அடையாளம். நமக்கு முன்னே எல்லை கடந்து வந்த தமிழ்க் குடிகள் அவர்கள்.

அத்தெருக்கள் வீட்டுக்குச் செல்லும் வழி மட்டும் அல்ல. குழித்தறி வீட்டினுள் இருக்கிறது. ஆனால் தறியில் ஏறுமுன் பாவு தெருவில் நீள வேண்டும். காலை வேளையில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியும் தேங்காய் எண்ணெயும் ஏற்றி, இழை ஒட்டாமல் நீவி உலர்த்துவார்கள். இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும் அத்துணியின் நேர்த்திக்கு இவ்வுழைப்பு அடிப்படை. ஆகவே தெருவும் தறியின் ஓர் உறுப்பே. பாலராமபுரத் துணி பெற்ற புவிசார் குறியீடு துணியின் பெயரைக் காக்கும், தெருவைக் காக்காது.

கரமனை–களியிக்காவிளை நெடுஞ்சாலை அகலப்பட வேண்டும் என்று நாமே வேண்டுகிறோம். பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலில் காத்துக் கிடக்காதவர் நம்மில் யார்? ஆயினும் சாலை அகன்றால் நிலத்தின் விலை ஏறும்; விலை ஏறினால் மாடிக் கட்டடமும் வாகன நிறுத்தமும் உட்தெருவை நெருக்கும். தறியை எவரும் உடைக்க வேண்டியதில்லை. பாவு நீட்ட இடமில்லையென்றால் தறி தானே ஓய்ந்துவிடும்.

இது வீண் அச்சம் அன்று. டில்லி ஷாதிப்பூரை அடுத்த கட்புத்லி காலனியில் பொம்மலாட்டக்காரரும் கழைக்கூத்தாடிகளும் செப்பிடு வித்தைக்காரரும் பல தலைமுறை வாழ்ந்தனர். 2009-இல் டில்லி வளர்ச்சி ஆணையம் அவ்விடத்தில் அடுக்குமாடி கட்டத் தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. “எங்களைக் கலந்து பேசவில்லை, நெடிய மூங்கிலையும் பொம்மைகளையும் மாடி வீட்டில் எங்கே வைப்போம்?” என்பது அம்மக்களின் முறையீடு. ஆண்டுக் கணக்கில் போராடினர், நீதிமன்றமும் சென்றனர். 2017 அக்டோபரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒப்பந்தம் முடிந்தபின் எழுப்பும் குரலுக்கு வலிமை குறைவு என்பதே நாம் அதில் கற்கும் பாடம்.

ஆதலால் இன்றே மூன்று காரியங்களை மேற்கொள்வோம். முதலாவது, நெசவாளரைக் கலந்து, பாவு நீட்டும் இடத்தை அடைக்கும் கட்டடத்துக்கு அனுமதி தரலாகாது என்று பஞ்சாயத்துக்கு விண்ணப்பம் எழுதுவோம். அதில் குடும்பந்தோறும் கையொப்பம் இடுவோம். இரண்டாவது, பண்டிகைத் துணியை நெய்தவர் கையிலிருந்தே வாங்குவோம். கூலி கட்டாத தொழிலில் மகனை இருத்த எந்தத் தகப்பன் துணிவான்? மூன்றாவது, நம் பிள்ளைகளை ஒரு காலைப் பொழுதில் அத்தெருவுக்கு அழைத்துச் செல்வோம்.

தெரு பிழைத்தால் தறி பிழைக்கும். அதற்கு நம் கையொப்பம் முதல் இழையாகட்டும்.