அந்த லிஸ்ட்ல எதை எடுக்கலாம்?

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: சாஃப்ட்வேர் ஏன் வருஷா வருஷம் குண்டாகிட்டே போகுது? வேண்டாததைத் தூக்கிப் போட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன், மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்துல ஒரு டி.டி.பி. கடையில போய் உக்கார்ற வரைக்கும்.

அந்த அண்ணன் வெச்சிருக்கிற ஃபான்ட் கன்வெர்ட்டரை நீங்க பார்க்கணும். பாமினி, வானவில், திஸ்கி, டாம், டாப்... லிஸ்ட் இறங்கிக்கிட்டே போகுது. "யூனிகோட் ஒண்ணு போதும்ண்ணே, மத்ததை எடுத்துடலாமா?"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லாம ஒரு ஃபோல்டரைத் திறந்தார். இருபது வருஷத்து வாடகை ஒப்பந்தம், மனு, கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஃபான்ட்ல. பழைய ஒப்பந்தத்துல தேதியை மட்டும் மாத்திக் குடுங்கன்னு இன்னிக்கும் ஆள் வர்றாங்க. பாமினி ஃபான்ட் இல்லாம ஃபைலைத் திறந்தா தமிழே இருக்காது, இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா கொட்டிக் கிடக்கும்.

ஆரம்பத்துல தமிழ் எழுத்துக்கு நம்பர் கொடுக்கிற வேலையை ஆளாளுக்குத் தனித்தனியா செஞ்சாங்க. 1999ல சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடந்தது; அந்த வருஷமே டாம், டாப்னு அரசுத் தரம் வந்தது. சுத்தம் பண்ணத்தான் வந்தது. ஆனா பழைய ஃபைல் எங்கேயும் போகலையே! லிஸ்ட்ல ரெண்டு கூடிச்சு, அவ்ளோதான். 2010ல அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏத்துக்கிச்சு. மறுபடி ரெண்டு.

யூனிகோட் உள்ளேயும் இதே கூத்து உண்டு. 'கொ'ல வர்ற துணைக்குறியை ஒரே குறியாவும் சேமிக்கலாம், கொம்பு தனியா கால் தனியாவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான்னு புரோகிராமுக்குப் புரிய வைக்கத் தனியா கோட் வேணும். வெட்டியா கிடக்குதுன்னு அதைத் தூக்கினீங்கன்னா, 'கொள்ளிடம்'னு தேடும்போது சில ஃபைல் சிக்கவே சிக்காது.

சோம்பேறித்தனத்தால ஊதுறதும் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. நிக்லாஸ் விர்த் 1995லேயே அதைத் திட்டி எழுதிட்டார். இன்னிக்கு சில சாட் ஆப் ஒரு முழு ப்ரௌசரையே முதுகுல சுமந்துக்கிட்டு வருது. அது வேற வியாதி.

கடைசியா அண்ணன் சொன்னார்: "தாராளமா எடு தம்பி. அதுக்கு முன்னாடி இந்த ஃபைலை எல்லாம் நீயே மாத்திக் குடுத்துடு." ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். மாத்தின ஒவ்வொண்ணையும் எழுத்து எழுத்தா சரிபார்க்கணும், பத்திரம் இல்லையா. சாயங்காலத்துக்குள்ள முப்பது ஃபைல் முடிஞ்சுது. லிஸ்ட்ல இருந்து இன்னும் ஒண்ணுகூட எடுக்கலை.